எழுத்து நிற்கும் இடம்: சங்கரன்கோவில் சக்கரக் குழியை முன்வைத்து வித்தெழுத்துகளின் பொருள் மரபு

ஆய்வுச் சுருக்கம்

மந்திர மரபில் வித்தெழுத்துகளுக்குப் பொருள் உண்டா, அவை வெறும் ஒலிகளா என்ற வினா யாஸ்கர் காலம் தொட்டு விவாதிக்கப்பட்டு வருகிறது. தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் கோமதி அம்மன் சந்நிதி முன்னுள்ள சக்கரத்தை முன்வைத்து இவ்வினாவைத் தமிழ்ச் சைவ, வைணவ உரைமரபுகளின் துணையோடு இக்கட்டுரை அணுகுகிறது. வித்தெழுத்தின் பொருள் அதன் ஒலியில் அடங்கியிருப்பதில்லை. அது நிற்கும் இடத்தால் அமைகிறது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

திறவுச்சொற்கள்: வித்தெழுத்து, ஐந்தெழுத்து, சுட்டு, திருமந்திரம், முமுட்சுப்படி, சங்கரன்கோவில்

1. ஒரு சக்கரம், இரண்டு பெயர்கள்

சங்கரன்கோவில் சங்கரநாராயணசுவாமி திருக்கோயிலில் சங்கரலிங்கர், சங்கரநாராயணர், கோமதி அம்மன் என மூன்று சந்நிதிகள் உள்ளன. அம்மன் சந்நிதியின் முன்மண்டபத் தரையில் ஒரு சக்கரம் அமைந்துள்ளது. வழிபட வருவோர் அதன்மீது சிறிது நேரம் அமர்ந்து வேண்டிக்கொள்கின்றனர். மனநலம் குன்றியோரையும், தீய ஆவி பற்றியதாகக் கருதப்படுவோரையும் உறவினர் அழைத்து வந்து அதில் அமர்த்தும் வழக்கமும் உண்டு. திருவாவடுதுறை ஆதீனத்தின் பத்தாம் குருமகாசந்நிதானமான வேலப்ப தேசிகர் இதனை நிறுவினார் என்பது மரபுச் செய்தி.

இச்சக்கரத்திற்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. ஸ்ரீசக்கரம் என்று சிலரும் ஆக்ஞா சக்கரம் என்று சிலரும் கூறுவர். தலவரலாற்று நூல்களிலும் இவ்விரு பெயர்களும் மாறிமாறிக் காணப்படுகின்றன. பேச்சுவழக்கில் நேர்ந்த மயக்கம் என்று இதனை எளிதில் ஒதுக்கிவிடலாம். ஆனால் மந்திர நூல்களின் நோக்கில் இவை இரண்டும் முற்றிலும் வேறானவை. ஸ்ரீசக்கரம் என்பது மேல்நோக்கிய நான்கும் கீழ்நோக்கிய ஐந்துமாக ஒன்பது முக்கோணங்கள் ஊடறுத்து அமையும் வடிவம். அதற்குரிய மந்திரம் பதினைந்தெழுத்தாகிய பஞ்சதசி. அதன் மூன்று கூடங்களும் ஹ்ரீம் என்ற வித்தெழுத்தில் முடியும். ஆக்ஞா சக்கரமோ உடலின் ஆறு ஆதாரங்களுள் ஒன்று. புருவ நடுவில் ஈரிதழ்த் தாமரையாக நினைக்கப்படுவது; அதன் வித்தெழுத்து பிரணவம். முன்னது தேவியின் இருப்பிடமாக வரையப்படும் வடிவம். பின்னது சாதகனின் உடலுக்குள் கருதப்படுவது. பெயர் மாறினால் வித்தெழுத்தும் மாறுகிறது, அது நிற்கும் இடமும் மாறுகிறது. எனினும் குழியில் அமரும் அடியவருக்கு இவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று. அவர் எந்த வித்தெழுத்தையும் ஓதியாக வேண்டும் என்ற விதியும் அங்கில்லை. ஓதப்படாத, தெரியாத ஓர் எழுத்து அவ்விடத்தில் என்ன பொருள் தருகிறது?

2. பொருள் உண்டு, இல்லை என்னும் பழைய வழக்கு

மந்திரங்களுக்குப் பொருளில்லை என்று வாதிட்டவர்களுள் கௌத்சரின் பெயர் நிருக்தத்தில் பதிவாகியுள்ளது. அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று இங்கு மிகவும் வேண்டப்படுவது. மந்திரத்தில் சொற்களை மாற்ற இயலாது, ஒரு சொல்லுக்கு ஈடாக அதே பொருள்தரும் வேறொரு சொல்லை வைக்க இயலாது, சொற்களின் வரிசையையும் மாற்ற இயலாது. பொருள்தரும் மொழியாயின் இவை மாற்றத்தக்கனவாக இருக்க வேண்டும் என்றார் அவர். உலக வழக்கிலும் சில தொடர்களில் சொல்வரிசை மாறாமல் நிற்பதை எடுத்துக்காட்டி யாஸ்கர் இதனை மறுத்தார். மீமாம்சகர்களும் மந்திரம் பொருளுடையது என்ற பக்கமே நின்றனர்.

கேரளத்தின் பாஞ்ஞாளில் 1975இல் நடைபெற்ற அக்னிசயன வேள்வியை விரிவாகப் பதிவுசெய்த ஃபிரிட்ஸ் ஸ்டால், கௌத்சரின் கட்சிக்கு இருபதாம் நூற்றாண்டில் புதிய வலுவளித்தார். மந்திரமும் சடங்கும் விதிகளால் இயங்குவன, பொருளால் இயங்குவன அல்ல என்பது 1989இல் வெளிவந்த அவரது நூலின் மையக் கருத்து. வேள்விச் சூழலில் ஓதப்படும் மந்திரங்களைப் பொறுத்தவரை அவரது கூற்று எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் அவர் கையாண்ட சான்றுகள் பெரும்பாலும் வைதிகச் சடங்கிலிருந்து வந்தவை. தமிழ் உரைமரபை அவற்றோடு ஒப்பநோக்கினால் வேறொரு காட்சி தெரிகிறது.

தொல்காப்பியர் சொற்கள் அனைத்தும் பொருள் குறித்தன என்கிறார். அவரே செய்யுளியலில் மந்திரத்தை மறைமொழி என்று வரையறுக்கும்போது, நிறைவுடைய மாந்தர் தம் ஆணையால் கூறுவது என்று அதன் ஆற்றலைக் கூறுவோனிடத்தில் வைக்கிறார், ஒலியிடத்தில் வைக்கவில்லை. ஓரெழுத்து தனித்து நின்று சொல்லாதலும் தமிழுக்குப் புதிதன்று. நன்னூல் நாற்பது நெடிலும் இரண்டு குறிலுமாக நாற்பத்திரண்டு ஓரெழுத்தொருமொழிகளைத் தொகுத்துக் கூறுகிறது. ஆயினும் உயிர்க்குறில் ஐந்தும் தனித்து மொழியாக நிறைவதில்லை என்பது தொல்காப்பியம். மந்திர மரபின் தலையாய எழுத்துகளாகிய அகரமும் உகரமும் அக்குறில்களுள் அடங்குவன.

அவ்வாறாயின் அவை இலக்கணத்துக்குப் புறம்பானவையா? அன்று. அ, இ, உ என்னும் மூன்றையும் தமிழிலக்கணம் சுட்டு என்று பெயரிட்டு அமைத்துக்கொண்டது. ‘அவ்வீடு’ என்னும்போது அகரத்திற்குப் பொருள் உண்டு. ஆனால் எந்த வீடு என்பதை அகரம் தன்னுள் வைத்திருக்கவில்லை. பேசுபவர் நிற்கும் இடமும் கேட்பவர் நோக்கும் திசையும் சேர்ந்து அதனைத் தருகின்றன. அகராதியில் பொருள் எழுத இயலாத எழுத்து, பொருளற்ற எழுத்து ஆகிவிடாது. வித்தெழுத்தை விளங்கிக்கொள்ள இச்சுட்டு என்னும் கருத்தே ஏற்ற கருவி எனலாம். ‘பொருள் உண்டு’, ‘இல்லை’ என்ற இரு கட்சியினரும் பெயர்ச்சொல்லையே பொருளுக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டதால்தான் வழக்கு இவ்வளவு நீண்டது.

3. ஓரெழுத்தும் அதன் இடங்களும்

ரகர ஒற்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐம்பூதங்களின் வித்தெழுத்து வரிசையில் லம் நிலம், வம் நீர், ரம் தீ, யம் காற்று, ஹம் வான். ஜான் உட்ரோஃப் 1922இல் வெளியிட்ட நூலில் எடுத்தாளும் வரத தந்திர விளக்கப்படி, ஹ்ரீம் என்பதில் ஹகரம் சிவன், ரகரம் பிரகிருதி, ஈகாரம் மகாமாயை. ஸ்ரீம் என்பதில் அதே ரகரம் செல்வம். க்ரீம் என்பதில் அதுவே பிரமம். ஓர் ஒலிக்கு நான்கு பொருள்கள். இவற்றுள் எதுவும் மற்றொன்றிலிருந்து பிறந்ததன்று. ஒலியின் இயல்பிலேயே பொருள் உறைகிறது என்போர் இந்நான்கையும் ஒன்றாக்கிக் காட்டப் பெருமுயற்சி செய்ய வேண்டியிருக்கும். எழுத்து நிற்கும் தொடரே பொருளைத் தருகிறது என்று கொண்டால் இடர்ப்பாடில்லை.

பொருளின் பன்மையை மந்திர சாத்திரத்தார் அறியாதவர்கள் அல்லர். யோகினீஹ்ருதயம் ஸ்ரீவித்தைக்கு ஆறுவகைப் பொருள் கூறுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் காவிரிக்கரையில் வாழ்ந்த பாஸ்கரராயர் தம் வரிவஸ்யா ரகசியத்தில் அதனைப் பதினைந்தாக விரித்தார். பொருளறியாது ஓதுவோரை அவர் சந்தனச் சுமை தாங்கும் கழுதைக்கு ஒப்பிடுகிறார். அவ்வளவு கடுமையாகப் பேசியவர் ஒரே பொருளை வற்புறுத்தாமல் பதினைந்தைக் கொடுத்துச் சென்றது கருதத்தக்கது.

தமிழ்ச் சைவம் இதனினும் ஒரு படி மேலே செல்கிறது. ஐந்தெழுத்தில் சிகரம் சிவம், வகரம் அருள், யகரம் உயிர், நகரம் திரோதாயி, மகரம் மலம் என்பது சித்தாந்தப் பாகுபாடு. மெய்கண்டாரின் சிவஞானபோதம் ஒன்பதாம் நூற்பாவில் ஐந்தெழுத்தை எண்ணும் முறையை விதிக்கிறது. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ‘ஐந்தெழுத்து அருள்நிலை’ என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அங்கு அவர் கூறுவது எழுத்துகளின் தனிப்பொருளை மட்டுமன்று. யகரமாகிய உயிர் நடுவில் நிற்க, ஒருபுறம் மலமும் மறைப்பும், மறுபுறம் அருளும் சிவமும் நிற்கும் நிலையை அவர் காட்டுகிறார். ‘நமசிவாய’ என ந, ம முன்னிற்பது தூலம். ‘சிவாயநம’ எனச் சி, வ முன்னிற்பது சூக்குமம். எழுத்துகள் அவையே, ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. முறை மாறிய அளவில் உலகியலில் நிற்கும் உயிரின் நிலை வீடுநோக்கிய நிலையாக மாறிவிடுகிறது.

கௌத்சரின் வாதம் இங்கு எதிர்த்திசையில் சோதனைக்குள்ளாகிறது. வரிசையை மாற்ற இயலாமையால் மந்திரம் பொருளற்றது என்றார் அவர். சைவ ஆசிரியர்களோ வரிசையை மாற்றினார்கள். மாற்றியதும் பொருள் மாறியது. கௌத்சரே வகுத்த அளவுகோலின்படி ஐந்தெழுத்து பொருளுடைய மொழியாகிறது. யாஸ்கருக்குக் கிடைக்காத விடை இது. திருமந்திரம் நான்காம் தந்திரத்தின் திருவம்பலச் சக்கரப் பகுதி இதனைக் கண்ணால் காணும் வடிவிலேயே தருகிறது. ஐந்து எழுத்துகளும் அறைகளில் நிரப்பப்படுகின்றன. ஒவ்வொரு வரிசையும் வெவ்வேறு எழுத்தில் தொடங்கிச் சுழன்று வருகிறது. சக்கரத்தின் எந்த அறையில் நின்று படிக்கத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து உயிர் நிற்கும் இடம் தெரிகிறது.

வைணவ உரைமரபு வேறு வழியாக இதே இடத்திற்கு வருகிறது. பிள்ளை லோகாசாரியரின் முமுட்சுப்படி எட்டெழுத்தின் பிரணவத்தை ஒரு வாக்கியமாகவே பிரிக்கிறது. அகரம் இறைவன், உகரம் வேறொருவருக்கன்று என விலக்கும் தேற்றப்பொருள், மகரம் உயிர். அகரத்தின்மேல் நான்காம் வேற்றுமை உருபு தொக்கு நிற்கிறது என்பது இவ்வுரையின் உயிர்நாடி. உருபு கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேளாது. ஆனால் ‘அவனுக்கே உரியது உயிர்’ என்னும் கோட்பாடு முழுவதும் அத்தொக்க உருபின்மீதே நிற்கிறது. தமிழ் மாணவர் வேற்றுமைத்தொகை என்று பள்ளியில் படிப்பதுதான் இது. ஒலியாத ஒன்று பொருள்தருவதை இலக்கணம் ஏற்கும்போது, மந்திரப் பொருளை ஒலியதிர்வுக்குள் அடைப்பது எவ்வாறு?

சைவருக்கு அகரம் சிவம், உகரம் சத்தி. வைணவருக்கு அகரம் திருமால், உகரம் பிரிநிலை. அகரம் என்னும் ஒரே சுட்டு இரு திசை நோக்குகிறது. சங்கன், பதுமன் என்னும் நாகர்கள் சிவனே பெரியன், திருமாலே பெரியன் என வாதிட்டதும், கோமதி அம்மன் புன்னை வனத்தில் தவமிருந்து இருவரையும் ஒரே வடிவில் கண்டதும் சங்கரன்கோவில் தலவரலாறு. ஆடி உத்திராட நாளில் அத்தவக்காட்சி ஆடித்தபசு விழாவாக இன்றும் நடைபெறுகிறது. சங்கரநாராயணர் திருமேனியில் வலப்பாகம் சிவன், இடப்பாகம் திருமால். நோக்குவோர் கண் செல்லும் பாகத்தைப் பொறுத்தே அங்குப் பெயர் அமைகிறது. தலபுராணத்தில் எழுத்தாராய்ச்சி தேடுவது பொருந்தாது என்பது உண்மையே. எனினும் இரண்டு உரைமரபுகளும் ஒரே கூரையின்கீழ் எதிர்நிற்கும் இடமாக இக்கோயில் அமைந்திருப்பதைச் சுட்டாமல் விட இயலாது.

4. ஒலி பிழைத்தால் பொருள் பிழைக்குமா

வித்தெழுத்துகளின் ஆற்றல் அவற்றின் ஒலியதிர்வில் உள்ளது என்ற விளக்கம் இன்று மிகப் பரவலாக வழங்குகிறது. அறிவியல் சாயலுடன் கூறப்படுவதால் கல்வியுலகிலும் இது சில நேரங்களில் ஆய்வின்றி ஏற்கப்படுகிறது. இவ்விளக்கம் உண்மையாயின் தமிழ் மந்திர மரபு முழுவதும் பழுதுபட்டதாகிவிடும்.

காரணம் எளியது. மொழிமுதலில் மெய்ம்மயக்கம் வருதல் தமிழொலி மரபுக்கு இல்லை. ஹகரமும் ஷகரமும் தமிழ் நெடுங்கணக்கில் இல்லை. திருமந்திரத்தின் நவாக்கரி சக்கரப் பகுதியில் வித்தெழுத்துகள் சிரீம், கிலீம் என இடையே இகரம் பெற்று வருகின்றன. ஸ்ரீம் ஓரசை, சிரீம் ஈரசை. ஒலியதிர்வே மந்திரமாயின் இவ்விரண்டும் வெவ்வேறு மந்திரங்கள். அல்லது பின்னது சிதைந்த மந்திரம். திருமூலர் மரபு அவ்வாறு கருதியதாகத் தெரியவில்லை. ஒலி தமிழுக்கு இசைய மாறியது. சக்கரத்தில் எழுத்து நிற்கும் அறை மாறவில்லை. பெயர்த்து வந்தது இடம், ஒலியன்று.

தமிழ் மரபு இன்னும் துணிவான ஒன்றையும் செய்தது. ‘எட்டும் இரண்டும்’ அறியாதவர் என்று சித்தர்களும் சைவ ஆசிரியர்களும் பேசுவதுண்டு. தமிழ் எண்களில் எட்டுக்குரிய வடிவம் அகரத்தையும், இரண்டுக்குரிய வடிவம் உகரத்தையும், பத்துக்குரிய வடிவம் யகரத்தையும் ஒத்தவை. எட்டும் இரண்டும் கூடினால் பத்து; அகரமாகிய சிவமும் உகரமாகிய சத்தியும் கூடுமிடத்தில் யகரமாகிய உயிர். இவ்விளக்கம் முழுவதும் வரிவடிவத்தைச் சார்ந்தது. வடமொழியில் இதனைக் கூறவே இயலாது. தேவநாகரியில் எழுதினால் மறைந்துவிடும். வாய்விட்டு ஓதினாலும் கேளாது. எழுதத் தெரிந்தவர் கண்ணுக்கு மட்டுமே புலப்படும் ஒரு மந்திரப்பொருளை, ஒலியே மந்திரம் என்னும் கோட்பாட்டுக்குள் வைக்க வழியில்லை.

இதன் மறுதலையாக, சௌந்தரியலகரியின் முப்பத்திரண்டாம் பாடலில் பஞ்சதசி மந்திரம் நேராக ஒலிக்கப்படாமல் தெய்வப் பெயர்களாலும் பூதப் பெயர்களாலும் குறிப்பாக வைக்கப்பட்டுள்ளது. அறிந்தவர் அப்பெயர்களிலிருந்து எழுத்தைப் பெறுவர். அறியாதவருக்கு அது துதிப்பாடல். அந்நூலை வீரை கவிராச பண்டிதர் தமிழில் பாடினார்; சைவ எல்லப்ப நாவலர் அதற்கு உரை கண்டார். மந்திரத்தைக் காக்க ஒலியை மறைத்துப் பொருளை வெளியே வைக்கும் உத்தி இது. ஒலி மறைக்கத்தக்கது என்பதிலேயே மந்திரம் யாருக்குரியது என்ற வினாவும் அடங்கியிருக்கிறது.

5. குழியில் அமர்பவர்

வித்தெழுத்து தீக்கை வழியாகக் குருவிடமிருந்து பெறப்படுவது. தீக்கை பெறாதார் நூலைப் பார்த்து ஓதுதல் பயனற்றது, தீங்கும் தரும் என்பது ஆகம, தந்திர நூல்களின் பொதுக்கருத்து. நிறைமொழி மாந்தர் ஆணையே மந்திரம் என்ற தொல்காப்பிய வரையறையோடு இது ஒருவகையில் ஒத்துப்போகிறது. எழுத்துக்கு ஆற்றல் தரும் இடங்களுள் குருவின் வாயும் ஒன்று. ஆனால் அவ்வாய் எல்லோருக்கும் திறக்கவில்லை. குலத்தாலும் பாலாலும் தீக்கையின் வகைகள் வரையறுக்கப்பட்டிருந்தன.

இவ்வரையறையைத் தமிழ்ப் பத்திமரபு பலமுறை தளர்த்தியது. சம்பந்தரும் அப்பரும் ஐந்தெழுத்தைப் பதிகமாகப் பாடி வெளிப்பட வைத்தனர். கல்லோடு பிணித்துக் கடலிலிட்ட போது அப்பர் அதனை ஓதிக் கரையேறியதைப் பெரியபுராணம் பாடுகிறது. திருக்கோட்டியூரில் இராமானுசர் எட்டெழுத்தின் பொருளைக் குருவின் தடையை மீறி ஊரறியக் கூறினார் என்பது வைணவ குருபரம்பரைச் செய்தி. இவை அனைத்திலும் மந்திரம் ஒலியாகவே பொதுவாக்கப்பட்டது. சங்கரன்கோவிலில் நிகழ்ந்தது இதனின் வேறானது.

ஐந்தெழுத்துத் தீக்கையைக் காத்துவரும் சைவ மடம் திருவாவடுதுறை. அதன் முதற்குரவர் பெயரே நமசிவாய மூர்த்திகள். அம்மடத்தின் தலைவர் ஒருவர் பெயரால் ஒரு சக்கரம் பொதுமண்டபத் தரையில் நிற்கிறது. மந்திரம் எவருக்கும் சொல்லப்படவில்லை. ஆகவே தீக்கை விதி மீறப்படவில்லை. ஆனால் மந்திரம் நிற்கும் இடத்தில் எவரும் அமரலாம். ஓதத் தகுதியில்லை என நூல்கள் விலக்கிய பெண்களும், எழுத்தறியாதவரும், தம் பெயரையே சொல்ல இயலாத நிலையில் அழைத்துவரப்பட்டவரும் அங்கு அமர்கின்றனர். எழுத்தை நெஞ்சில் நிறுத்தும் நியாசத்தில் சாதகர் தம் உடலின் ஒவ்வோர் உறுப்பிலும் வித்தெழுத்தை வைக்கிறார். இங்கு முறை தலைகீழாகிறது. எழுத்து தரையில் நிலைத்திருக்க, உடலே அதன்மேல் வைக்கப்படுகிறது.

இவ்விடத்தில் சக்கரத்தின் இரண்டு பெயர்களும் மீண்டும் நினைக்கத்தக்கன. ஸ்ரீசக்கரம் எனும்போது தேவியின் இருப்பிடத்தில் உடல் சென்று சேர்கிறது. ஆக்ஞா சக்கரம் எனும்போது உடலுக்குள் புருவ நடுவில் இருக்க வேண்டியது வெளியே தரையில் விரிகிறது. சித்தம் கலங்கியவர் என்று அழைத்துவரப்படுவோர்க்கு இரண்டாம் பெயர் பொருத்தமாகப் பட்டிருக்கலாம். அறிவின் இடமாகக் கூறப்படுவது அச்சக்கரமே. பெயரிட்டவர்கள் இவ்வாறு எண்ணினார்களா என்பதைவிட, இரண்டு பெயரும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒரே குழியில் நீடிப்பது குறிக்கத்தக்கது. வேறு நூல்மரபாயின் இதற்குள் ஒரு கண்டன நூல் பிறந்திருக்கும்.

நாகமும் அங்கு இருவகையில் உள்ளது. சங்கரன்கோவில் நாகத்தலம், புற்றுமண்ணே அங்குப் பிரசாதம். பாம்பாட்டிச் சித்தரோடும் இத்தலத்தை மரபு இணைக்கிறது. சித்தர் பாடல்களில் பாம்பு என்பது மூலாதாரத்தில் சுருண்டுறங்கும் குண்டலினி. ஔவையாரின் விநாயகர் அகவலும் அதனைப் பேசுகிறது. வயலில் பாம்புக்கு அஞ்சிப் புற்றுமண்ணைப் பூசிக்கொள்ளும் உழவர்க்குப் பாம்பு பாம்பேதான். இவ்விரு பாம்புகளுள் ஒன்றை உண்மை, மற்றொன்றை உருவகம் என ஆய்வாளர் வரிசைப்படுத்துவது வழக்கம். ‘பாம்பு’ என்ற சொல் வயலில் நிற்கும்போதும் முதுகெலும்பின் அடியில் நிற்கும்போதும் வேறு பொருள் தருகிறது என்று கொண்டால் அவ்வரிசை தேவையற்றதாகிறது.

சங்கரன்கோவில் சக்கரத்தின் அளவு, கோட்டமைப்பு, எழுத்துப் பொறிப்பு ஆகியவை முறையாக அளந்து வரையப்பட வேண்டும். ஸ்ரீசக்கரமா ஆக்ஞா சக்கரமா என்ற வினாவை அவ்வரைபடம் கல்லளவில் தீர்த்து வைக்கக்கூடும். அமர்பவர்கள் அதனை எவ்வாறு அழைக்கின்றனர், அமரும்போது எதனை ஓதுகின்றனர் அல்லது ஓதாதிருக்கின்றனர் என்பது தனியாகத் தொகுக்கப்பட வேண்டிய செய்தி. அதற்குரிய இடம் ஆடித்தபசு நாளின் நெரிசலன்று. சாதாரண வெள்ளிக்கிழமை ஒன்றின் பிற்பகல்.